இரண்டு மணி, ஒரு மேளம், கால் ஹெச்.பி. மோட்டார்: சிறிய கோயில் மேள மெஷின் எப்படி?

தீபாராதனை நேரத்தில் சுவிட்சைத் தட்டினால் மணி, மேளம், ஜாலரா மூன்றும் தானே அடிக்கும் மெஷின் இன்று தெருமுனைப் பிள்ளையார் கோயில் வரை வந்துவிட்டது. மேள மெஷின், மின்சார மேளம், மோட்டார் மேளம், ஆட்டோமேட்டிக் முரசு என்று ஊருக்கு ஒரு பெயர். இங்கே பார்ப்பது அதில் சிறிய மாடல்: இரண்டு வெண்கல மணி, 12 அங்குல மேளம் ஒன்று, அதற்கு வலது இடது என இரண்டு குச்சி, ஒரு ஜோடி ஜாலரா, கால் ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ் மோட்டார். எந்தப் பட்டறையின் பெயர்ப்பலகை ஒட்டியிருந்தாலும் உள்ளே அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஃபிரேமும் மோட்டாரும் கொடுக்கிற காசுக்குத் தகும். கேம் தட்டும் (லீவரைத் தூக்கிவிடும் பல் வைத்த வட்டத் தட்டு) சுத்தியலும் அவசரத்தில் செய்த வேலை. மெஷினின் நாதம் முழுக்க இந்த இரண்டில்தான் இருக்கிறது. ஆனால் ஸ்பேனர், அரம், டிரில் வைத்திருப்பவர் இதை வீட்டிலேயே இரண்டு நாளில் சரிசெய்துவிடலாம். பழைய மெஷின் எடைக்குப் போகிற விலையில் கிடைத்தால் புதிதை விட அதையே எடுக்கலாம்.

அடி எப்படி விழுகிறது

மோட்டார் தூக்கிவிடும், ஸ்பிரிங் அடிக்கும். இது புரிந்தால் மெஷினில் பாதி புரிந்த மாதிரி. குறுக்கே ஓடும் ஷாஃப்டில் வட்டத் தட்டுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் ரம்பப் பல் போல மேடுகள். பல் சுற்றிவரும்போது லீவரின் வால் அதன் சரிவில் ஏறும், மறுமுனையில் இருக்கும் சுத்தியல் மணியை விட்டு விலகும். சரிவு முடிந்து பல் செங்குத்தாக வெட்டப்பட்ட இடம் வந்ததும் வால் சட்டென்று விழும், ஸ்பிரிங் சுத்தியலை மணி மேல் வீசும். பல்லின் உயரம் 12 மி.மீ., லீவர் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம் என்றால் சுத்தியல் 24 மி.மீ. பயணம் செய்யும்.

கவனிக்க வேண்டியது கடைசி 3 மி.மீ.யை. லீவரை ஒரு ரப்பர் கட்டை தடுத்து நிறுத்த வேண்டும். அது நிற்கும் இடத்தில் சுத்தியலுக்கும் மணிக்கும் நடுவே 3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளியைச் சுத்தியல் தன் வேகத்தில், தண்டு லேசாக வளைந்து, தாண்டிப்போய் மணியைத் தொட்டுத் திரும்பும். அப்போதுதான் ‘டாண்’ என்று கேட்டு நாதம் நீளும். ரப்பர் தேய்ந்தோ கழன்றோ போயிருந்தால் அடித்த சுத்தியல் மணி மேலேயே படுத்துவிடும். கையால் பொத்தின மாதிரி ‘டக்’ என்று செத்துப்போகும். “மணி சரியில்லை, மாத்துங்க” என்று கடைக்குத் தூக்கி வரப்படும் மணியை இறக்கி, கயிற்றில் கட்டிக் கட்டையால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். அங்கே நன்றாகப் பாடினால் மணி மேல் குற்றமில்லை, ரப்பர் கட்டையைத்தான் மாற்ற வேண்டும்.

சிறிய மாடலில் வரும் சுத்தியல் தண்டு பெரும்பாலும் 8 மி.மீ. இரும்புக் கம்பி. அது வளையாது. லீவர் நின்றால் சுத்தியலும் நின்றுவிடும். அதனால் இடைவெளி விட்டால் அடியே விழுவதில்லை, விடாவிட்டால் நாதம் சாகிறது. தொழிற்சாலையில் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். இதற்கு மருந்து, மணிக்கு 4 மி.மீ. ஸ்பிரிங் ஸ்டீல் கம்பி, மேளத்துக்குப் பிரம்பு. சின்ன மாற்றம்தான், ஆனால் பக்கத்துத் தெருவில் இருப்பவருக்கும் வித்தியாசம் கேட்கும்.

கால் ஹெச்.பி. போதுமா?

‘அரை ஹெச்.பி. ஹெவி டியூட்டி’ என்று கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். கணக்கு எளிது. ஒரு லீவர் ஸ்பிரிங்கின் இழுவை சராசரி 2 கிலோ, தூக்கும் உயரம் 25 மி.மீ. என்றால் ஒரு அடிக்கு அரை ஜூல். மணி, மேளம், ஜாலரா எல்லாம் சேர்த்து வினாடிக்கு 11 அடி என்றாலும் 5, 6 வாட்தான். கால் ஹெச்.பி. என்பது 186 வாட். உரசலுக்கு எத்தனை மடங்கு சேர்த்தாலும் மிச்சம் நிறைய. கால் ஹெச்.பி.யைப் போடுவதற்குக் காரணம், எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த ரீவைண்டிங் கடையிலும் கட்டித் தருவார்கள் என்பது மட்டுமே.

இந்த மிச்ச பலத்தில் ஒரு ஆபத்தும் உண்டு. லீவர் எங்காவது மாட்டிக்கொண்டால் மோட்டார் நிற்காது, லீவரை வளைத்துவிட்டுத்தான் ஓயும். அந்த நேரத்தில் மெஷினைக் காப்பாற்றுவது பெல்ட். வழுக்கிவிடும். ஆகவே ‘பெல்ட் அடிக்கடி வழுக்குது’ என்று செயினும் ஸ்பிராக்கெட்டும் போட்டுவிடாதீர்கள்.

வழுக்குவதற்கு நிஜமான காரணம் வேறு. மோட்டார் 1440 சுற்று, ஷாஃப்டுக்கு வேண்டியது 40 சுற்று, அதாவது 36-இல் ஒன்று. அதற்காக 2 அங்குலப் புல்லியிலிருந்து 12 அங்குலத்துக்கு ஒரு கட்டம், மறுபடி 2-லிருந்து 12-க்கு ஒரு கட்டம் என்று வைத்திருக்கிறார்கள். கணக்கு சரி. ஆனால் ஏ சைஸ் வீ-பெல்ட்டுக்கு 3 அங்குலத்துக்குக் குறைந்த புல்லி ஆகாது. இரண்டங்குலத்தில் மடங்கி மடங்கி பெல்ட்டின் உள்பக்கம் வெடிக்கும், பிடிப்பும் குறையும். பெட்டியைச் சிறிதாக்கச் செய்த சிக்கனம் இது. இதைச் சமாளிக்க எளிய வழி, உள்பக்கம் பல் வெட்டிய காக்டு பெல்ட். அது சிறிய புல்லியில் வெடிக்காமல் மடங்கும். புதிதாகக் கட்டுபவர் 40-இல் ஒன்று வார்ம் கியர்பாக்ஸ் (வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரப் பெட்டி) போட்டால் 1440, 36 ஆகிவிடும், வேண்டிய 40-க்குப் பக்கம்தான், ஒரு பெல்ட்டும் இரண்டு புல்லியும் மிச்சம். அப்போதும் மோட்டாருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே ஒரு பெல்ட் இருக்கட்டும், மேலே சொன்ன காரணத்துக்காக.

பெல்ட் இறுக்கம்: 14 அங்குல இடைவெளியில் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் 6 மி.மீ. உள்ளே போக வேண்டும். அதைவிட இறுக்கினால் மோட்டார் பேரிங் போய்விடும்.

மின்செலவு கவலை வேண்டாம். மோட்டார் இழுப்பது 300 வாட் சுமார், ஒரு நாளைக்கு அரைமணி என்றால் மாதம் 5 யூனிட்டைத் தாண்டாது.

தாளம் தட்டில் இருக்கிறது

கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “கேம் தட்டு வெல்டிங்கா, ஸ்குருவா?” ஷாஃப்டோடு வெல்டு வைத்த தட்டு வேண்டவே வேண்டாம். காரணம் இது: மணிச் சுத்தியலும் மேளக் குச்சியும் ஒரே நொடியில் விடுபட்டாலும் ஒரே நொடியில் போய்ச் சேராது. கனமான மணிச் சுத்தியல் நூற்றில் நாலு பங்கு வினாடி பிந்தினால் போதும், காது உடனே கண்டுபிடித்துவிடும், தாளம் நொண்டும். 40 சுற்றில் ஷாஃப்ட் வினாடிக்கு 240 டிகிரி ஓடுகிறது. 0.04 வினாடி என்பது கிட்டத்தட்ட 10 டிகிரி. மணித் தட்டின் ஸ்குருவைத் தளர்த்தி 10 டிகிரி முன்னால் திருப்பி இறுக்கினால் சேர்ந்துவிடும். வெல்டு வைத்திருந்தால் கிரைண்டர்தான் கதி.

ஒவ்வொரு தட்டுக்கும் 8 மி.மீ. கிரப் ஸ்குரு (தலையில்லாத ஸ்குரு) இரண்டு, ஒன்றுக்கொன்று 90 டிகிரியில் இருக்க வேண்டும். ஒற்றை ஸ்குரு நாளடைவில் நழுவும். இடம் சரியான பிறகு ஷாஃப்டில் ஸ்குரு படும் புள்ளியை டிரில் முனையால் லேசாகக் குழித்துவிடுங்கள்.

தாளத்தைப் பிரிப்பதும் இதே கணக்கில்தான். தட்டை 30 டிகிரிக்கு ஒன்றாக 12 பிரித்தால் திஸ்ரம் (மும்மூன்றாகப் போகும் நடை), 22½ டிகிரிக்கு ஒன்றாக 16 பிரித்தால் சதுஸ்ரம் (நான்கு நான்காகப் போகும் நடை). கடை மெஷின்களில் கேட்பது பெரும்பாலும் சதுஸ்ரத்தைக் கூட முழுசாகப் பிரிக்காத ஒரே சீரான ‘டம் டம் டம்’. 12-ஐ வைத்து ‘தகிட தகிட தகிட தகிட’ அடிக்க இப்படிச் செய்யலாம். வலது குச்சி ‘த’வில்: 0, 90, 180, 270 டிகிரி. இடது குச்சி ‘ட’வில்: 60, 150, 240, 330. பெரிய மணி முதல் தகிடவிலும் மூன்றாவதிலும், சின்ன மணி இரண்டிலும் நான்கிலும். ஜாலரா எல்லா ‘த’விலும். ஒரு சுற்றுக்கு 16 அடி, ஒரு சுற்று 1.5 வினாடி. ‘கி’ காலியாக இருப்பதுதான் இதற்கு அழகு, அங்கேயும் ஒரு பல் வைக்க ஆசைப்படாதீர்கள்.

மேளத்துக்கு ஏன் இரண்டு குச்சி என்பதற்கும் காரணம் உண்டு. வெறும் எடையில் 25 மி.மீ. விழவே 0.07 வினாடி ஆகும். ஸ்பிரிங் அதைக் குறைத்தாலும் மறுபடி தூக்க நேரம் வேண்டும். 12-இல் ஒரு பங்கு 0.125 வினாடிதான். ஒரே குச்சி அடுத்தடுத்த பங்கில் அடிக்கப் போனால் வால் கீழே முழுசாக விழும் முன்பே அடுத்த பல் பிடித்துக்கொள்ளும், அடி பாதியில் நிற்கும். ஸ்பிரிங்கை இறுக்கி இதைச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் தோலைத்தான் கிழிக்கிறார்கள்.

பெல்ஜியம், நெதர்லாந்து மணிக்கூண்டுகளில் பல நூற்றாண்டுகளாக இருக்கும் தானியங்கி உருளையும் இதே வேலையைத்தான் செய்கிறது. பெரிய உலோக உருளை, அதில் வரிசையாகத் துளை, துளையில் ஆணி, ஆணி லீவரைத் தூக்கும், சுத்தியல் மணியில் விழும். பாட்டை மாற்ற வேண்டுமென்றால் ஆணிகளை இடம் மாற்றிக் குத்துவார்கள். வீட்டில் கட்டுபவர் அந்த யோசனையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். 150 மி.மீ. தட்டில் பல்லை வெல்டு வைக்காமல், விளிம்புக்குப் பக்கத்தில் சம இடைவெளியில் 12 துளை போட்டு, வேண்டிய இடத்தில் 10 மி.மீ. போல்ட்டை மாட்டுங்கள். மாசி மாதம் ஒரு தாளம், மார்கழிக்கு ஒரு தாளம் என்று மாற்றலாம். போல்ட் உருண்டை என்பதால் லீவரின் வாலைத்தான் ஏறுகிற பக்கம் சரிவாகவும் விடுகிற பக்கம் செங்குத்தாகவும் அரத்தால் ராவ வேண்டும்.

மணி

விலையில் ஏமாறுவதும் இங்கேதான். மணிக்கு வேண்டியது வெண்கலம்: செம்பு 78, வெள்ளீயம் 22 என்ற அளவுக்குப் பக்கத்தில். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும், பளபளவென்று இருக்கும், நாதம் நீளாது. கடையில் மணியைக் கழற்றச் சொல்லிக் கயிற்றில் தொங்கவிட்டு, மரக்கட்டையால் விளிம்பின் தடித்த பகுதியில் தட்டுங்கள். நல்ல 3 கிலோ வெண்கல மணி நீங்கள் ஒரு திருப்பாவை அடியைச் சொல்லி முடிக்கும் வரை ரீங்காரம் விடும். ‘ஜ்ர்ர்’ என்று கூடவே ஒரு அதிர்வு கேட்டால் விரிசல், அல்லது வார்ப்பில் உள்ளே குமிழி. விரிசல் விட்ட வெண்கலத்துக்கு வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், பக்கத்தில் இன்னொரு விரிசல் ஓடும். உருக்கி மறுபடி வார்ப்பதுதான் வழி. பழைய உலோகத்தின் எடையைக் கழித்துக்கொண்டு வார்த்துத் தருபவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு மணியும் ஒன்றோடொன்று சேர வேண்டும். கடையில் ‘பெரிசு ஒண்ணு, சின்னது ஒண்ணு’ என்று கைக்கு வந்ததை மாட்டிவிடுகிறார்கள். ஒரே வடிவத்தில் வார்த்த மணிகள் என்றால் சுருதி விட்டத்துக்கு எதிர் விகிதத்தில் ஏறும், எடை விட்டத்தின் கன அளவில் மாறும். சட்ஜமமும் பஞ்சமமும் வேண்டுமென்றால் விட்டம் 3-க்கு 2. எடை 27-க்கு 8, அதாவது சுமார் 3.4 மடங்கு. பெரிய மணி 4 கிலோ என்றால் சின்னது 1.2 கிலோ. மேல் சட்ஜமம் வேண்டுமென்றால் எட்டில் ஒரு பங்கு, அரைக் கிலோ. தராசும் ஸ்மார்ட்போனில் ஒரு ட்யூனரும் எடுத்துக்கொண்டு போனால் கடையில் இருக்கும் பத்து மணியில் ஒரு ஜோடி தேறும். சுருதி சேரவில்லையென்று உள்பக்கம் கிரைண்டர் பிடிக்க வேண்டாம். விளிம்பை மெலிதாக்கினால் சுருதி இறங்கும், ஏறாது. போனது திரும்பாது.

சுத்தியல் எடை விஷயத்தில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றுதான், கனமாக வைப்பது. லண்டனின் பிக் பென் மணி 1859 ஜூலையில் அடிக்க ஆரம்பித்தது, செப்டம்பரில் விரிசல் விட்டது. சுத்தியல் அளவுக்கு மீறிய கனம் என்பதுதான் அங்கே சொல்லப்பட்ட காரணம். மணியைக் கொஞ்சம் திருப்பி, வேறு இடத்தில் அடி விழும்படி வைத்து, இலேசான சுத்தியல் போட்டார்கள். இன்றும் அந்த விரிசலோடுதான் அடிக்கிறது. 13.7 டன் மணிக்கு இப்போது இருப்பது 200 கிலோ சுத்தியல், நூற்றுக்கு ஒன்றரைதான். சின்ன மணிக்கு விகிதம் கொஞ்சம் கூடலாம், ஆனால் 3 கிலோ மணிக்கு 100 கிராமைத் தாண்ட வேண்டாம். மெஷினோடு வரும் கால் கிலோ இரும்புக் குண்டைக் கழற்றி வையுங்கள். 80 கிராம் இரும்புக் குண்டின் முகத்தில் 20 மி.மீ. நைலான் கம்பித் துண்டைப் பொருத்தினால் போதும். சத்தம் குறைந்த மாதிரி பக்கத்தில் நிற்பவருக்குத் தோன்றும். தள்ளி நின்று கேளுங்கள்.

பழைய மணியில் ஒரே இடத்தில் அடி விழுந்து தட்டையாகத் தேய்ந்திருந்தால் பிக் பென்னுக்குச் செய்ததையே செய்யலாம். தலைப் போல்ட்டைத் தளர்த்தி 45 டிகிரி திருப்பி மாட்டுங்கள். மாட்டும்போது மணிக்கும் ஃபிரேமுக்கும் நடுவே தோல் வாஷர் வைக்க வேண்டும், நட்டை முழுபலத்தில் இறுக்கக் கூடாது. இரும்போடு இறுகிய மணி ஃபிரேமுக்குத்தான் பாடும்.

மேளமும் ஜாலராவும்

தோலா, பிளாஸ்டிக்கா என்று கேட்பார்கள். பிளாஸ்டிக் மழைக்கும் வெயிலுக்கும் மாறாது, சத்தம் தகர டப்பா. தோல் கேட்க நன்றாக இருக்கும், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் ஈரத்தில் தொய்ந்துவிடும். ஈரத்தில் தொய்ந்த தோலை யாராவது ஸ்பேனர் வைத்து இறுக்குவார்கள். மாசி வெயிலில் அது காய்ந்து சுருங்கும்போது வளையத்தை ஒட்டிக் கிழியும். மேளத் தோல் பெரும்பாலும் அடியால் கிழிவதில்லை, இப்படித்தான் கிழிகிறது. இறுக்கினால் எத்தனை சுற்று என்று பெட்டிக்குள்ளே சாக்பீஸில் எழுதி வைத்து, மழை விட்டதும் அத்தனை சுற்றைத் திருப்பிவிட வேண்டும். இறுக்குவதும் எதிரெதிர் போல்ட்டாக, ஒரு தடவைக்குக் கால் சுற்று. கூரை உள்ள, பொறுப்பாகப் பார்க்க ஆள் உள்ள இடத்துக்குத் தோல். திறந்த மண்டபத்துக்குப் பிளாஸ்டிக்.

குச்சி முனையில் சைக்கிள் ட்யூப் ரப்பரை இரண்டு சுற்றுச் சுற்றினால் அடி விழும் இடத்தில் தோல் மெலிவது நிற்கும். குச்சி ஒரே இடத்தில் அடிப்பதால், ஆறு மாதத்துக்கு ஒரு முறை மேளத்தையே கொஞ்சம் திருப்பி வைக்கலாம்.

ஜாலராவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கீழ்த்தட்டு நிலையாக, மேல்தட்டு லீவரில். நடுத் துளையில் இரும்பு வாஷர் இருந்தால் அங்கிருந்து விரிசல் கிளம்பும், தோல் வாஷர் போடுங்கள். இரண்டு தட்டும் விளிம்போடு விளிம்பு நேராகப் பட்டால் காற்று சிக்கி ‘பொத்’ என்று கேட்கும், 3 மி.மீ. தள்ளி இருக்கட்டும்.

பழைய மெஷினை எழுப்புவது

பிளக்கைப் பிடுங்கி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். சரியான திசை எது என்பதைப் பல்லே சொல்லும்: சரிவு முதலில் வர வேண்டும், செங்குத்து பிறகு. அந்தத் திசையைத் தட்டு மேல் அம்புக்குறி போட்டு வையுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், மோட்டாரை ரீவைண்டிங் செய்து வாங்கும்போது ஸ்டார்ட்டிங் வயர் இரண்டும் இடம் மாறி வந்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். லீவர் வால் செங்குத்துப் பக்கத்தில் மோதி, பெல்ட் வழுக்காவிட்டால் ஒரு சுற்றுக்குள் ஐந்து லீவரும் வளைந்துவிடும். மேள மெஷினுக்கு நேர்கிற மிகப் பெரிய சேதம் இதுதான். ரீவைண்டிங் முடிந்து வந்த மோட்டாரைப் பெல்ட் இல்லாமல் ஓடவிட்டு, திசையைப் பார்த்த பிறகே பெல்ட் மாட்ட வேண்டும்.

மோட்டார் ‘உம்ம்’ என்று முனகிக்கொண்டு சுற்றாமல் நின்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கண்டென்சர். மோட்டாரில் எழுதியிருக்கும் அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட் அளவில் மாற்றுங்கள். கூடுதலாகப் போட்டால் வேகம் கூடாது, காயில்தான் சூடாகும். பழையதைத் தொடும் முன் அதில் நிற்கும் மின்சாரத்தை இறக்கிவிட வேண்டும்.

பல்லின் கூர்முனை மழுங்கியிருந்தால் வால் ‘விழாமல்’ வழிந்து இறங்கும், அடியில் உயிர் இருக்காது. வெல்டிங் வைத்து மேடாக்கி, அரத்தால் செங்குத்தாக ராவுங்கள். எல்லாப் பல்லும் ஒரே உயரமா என்பதற்கு, பக்கத்தில் நிலையாக ஒரு கம்பியை நிறுத்தித் தட்டைச் சுற்றினால் தெரிந்துவிடும். ஒரு மி.மீ. குறைந்த பல் சுத்தியலில் இரண்டு மி.மீ., அந்த ஒரு அடி மட்டும் தணிந்து கேட்கும்.

பேரிங் யு.சி.பி. 205 என்றால் 25 மி.மீ. ஷாஃப்ட், எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். கிரீஸ் கன் வைத்து வருடத்துக்கு இரண்டு முறை போதும். பல்லுக்குக் கிரீஸ் தடவும்போது விரல் நுனி அளவுதான். அப்பிவிட்டால் சுற்றும்போது தெறித்துப் பெல்ட்டில் பட்டு வழுக்கும், தோலில் பட்டால் எண்ணெய் ஊறி மேளம் ஊமையாகிவிடும். லீவர் முளைகளில் வெண்கல புஷ் போட்டால் சடசட ஓசை பாதி குறையும். எல்லா நட்டும் நைலாக் நட்டாக (உள்ளே நைலான் வளையம் உள்ளது) இருக்கட்டும். சாதா நட் இந்த அதிர்வில் ஒரு மாதம் தாங்காது.

மணியைப் புளி போட்டுத் தேயுங்கள். எமரி பேப்பர் வேண்டாம்.

புதிதாகக் கட்டுபவருக்கு

25 மி.மீ. பிரைட் பார் 600 மி.மீ. நீளம் ஒன்று, யு.சி.பி. 205 இரண்டு, 6 மி.மீ. இரும்புத் தகட்டில் 150 மி.மீ. வட்டத் தட்டு ஐந்து, காலருடன். லீவருக்கு 25-க்கு 6 பட்டை ஐந்து, 12 மி.மீ. முளைக் கம்பி, ஐந்து இழு ஸ்பிரிங், ஃபிரேமுக்கு 35-க்கு 5 ஆங்கிள். தட்டுகளை கேஸ் கட்டிங்கில் வெட்டாமல் லேத்தில் கடைந்து வாங்குங்கள், கோணலான தட்டில் எந்தத் தாளமும் உட்காராது. நான்கு காலிலும் ரப்பர். முன்பக்கம் கம்பி வலையோ கண்ணாடியோ கட்டாயம், திருநீறு வாங்க நிற்கிற பிள்ளைகளின் விரல் பெல்ட் உயரத்தில்தான் இருக்கும்.

மின் இணைப்பில் மூன்று பின் பிளக், எர்த் ஃபிரேமில், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்). ஈரத் தரையில் வெறுங்காலோடு சுவிட்சைத் தொடும் இடம் இது. டைமர் வைத்து ஆளில்லாமல் ஓட விடுவதாக இருந்தால் மோட்டாருக்கு ஓவர்லோடு ரிலே (சுமை மிஞ்சினால் மின்சாரத்தை நிறுத்துவது) சேர்த்துக்கொள்ளுங்கள். மாட்டிக்கொண்ட மெஷினில் பெல்ட் கருகும் வாசனையைப் பிடிக்க அங்கே யாரும் இருக்கமாட்டார்கள்.

சோலனாய்டும் (மின்காந்தத்தால் தண்டை இழுக்கும் சுருள்) ஆர்டுயினோவும் (சிறிய புரோகிராம் போர்டு) வைத்துச் செய்யும் புது மாடல்கள் தாளம் மாற்ற வசதி, பெல்ட் தொல்லை இல்லை. சின்ன மணிகளுக்கு நன்றாகவே அடிக்கின்றன. பெரிய மணிக்கு வேண்டிய வீச்சு தரும் சோலனாய்டு சூடாகிறது, அடியோடு ‘க்ளக்’ என்று ஒரு இரும்புச் சத்தமும் வருகிறது. பூஜை அறைக்கு அது, கோயிலுக்கு இது. மேளத்தோடு உள்ள மெஷினை வீட்டு ஹாலில் வைக்க நினைப்பவர் மேள லீவர் இரண்டையும் கழற்றிவிட்டு, அரைக் கிலோவுக்குள் இரண்டு மணியோடு நிறுத்திக்கொள்வது குடும்பத்துக்கு நல்லது.

வாங்க வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர்களும் உண்டு. தவிலுக்கும் நாதஸ்வரத்துக்கும் ஆள் வைக்க வசதியுள்ள கோயிலுக்கு இந்த மெஷின் தேவையில்லை, ஆளைக் கழிக்க இதை வாங்குவது அநியாயம். மணியடிக்க ஒரு கை கூடக் கிடைக்காத, அர்ச்சகர் ஒருவரே தீபமும் மணியும் பிடிக்கிற கோயிலுக்குத்தான் இது. மார்கழி அதிகாலை நாலரைக்கு ஓட்டுவதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளில் இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை, குடியிருப்புப் பகுதிக்கு அப்போது வரம்பு 45 டெசிபல். ஒலிபெருக்கி மட்டுமல்ல, இசைக்கருவிக்கும் கட்டுப்பாடு உண்டு, மூடிய இடத்துக்குள் என்றால் விலக்கு. சந்நிதிக் கதவுக்கு உள்ளே வைத்து, மேள லீவரைக் கொக்கி போட்டுத் தூக்கி நிறுத்திவிட்டு, மணியை மட்டும் ஓட்டலாம். அந்தக் கொக்கி கடை மெஷினில் வராது. 6 மி.மீ. கம்பியை வளைத்து நீங்களே லீவருக்கு ஒன்று மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். வால் பல்லைத் தொடாத உயரத்துக்கு, அதாவது பல் உச்சியை விட 2 மி.மீ. மேலே, லீவரைப் பிடித்து நிறுத்தினால் போதும்.